மீன்களுக்கு நடுவே ஆமையும் தவளையும்

நீர்வாழ் உயிரினக் காட்சியகங்களுக்கு மக்கள் மீன்களைப் பார்ப்பதற்காகவே செல்கிறார்கள். சுறாவும் திருக்கையும் தலைக்கு மேலே நீந்திச் செல்லும் கண்ணாடிச் சுரங்கத்தைக் கடந்து வந்தால், பெரும்பாலான இடங்களில் சற்று இருட்டான ஒரு பக்கக் கூடம் இருக்கும். அங்கே ஒரு கூட்டில் கட்டைவிரல் அளவேயுள்ள நீலத் தவளை ஒன்று இலைக்கடியில் ஒதுங்கியிருக்கும். இன்னொன்றில் மரக்கட்டையா விலங்கா என்று ஐயுறவைக்கும் ஓர் ஆமை தொட்டியின் அடியில் கிடக்கும். மூன்றாவது கூட்டில் பெயர்ப்பலகை மட்டுமே கண்ணுக்குப் படும். வருகிறவர்களில் பலர் சில விநாடிகள் தேடிவிட்டு, "ஒன்றும் அசையவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் காட்சியகத்தின் மிக நுட்பமான வேலைகளில் பல இந்தக் கூடத்தில்தான் நடக்கின்றன என்பது என் எண்ணம். அந்த வேலை என்ன, அது ஏன் தேவைப்படுகிறது என்பதை, இத்துறையில் முன்னறிமுகம் இல்லாதவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

குரங்கையோ நீர்நாயையோ ஓரிடத்தில் வைத்து வளர்க்கும்போது, அதன் உடல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வெளியே குளிர்ந்தால் சற்று அதிகமாகத் தின்கிறது, அவ்வளவுதான். ஊர்வனவுக்கும் இருவாழ்விகளுக்கும் அந்த வசதி இல்லை. உண்டதைச் செரிப்பதற்கான சூடு வெளியிலிருந்து வரவேண்டும். பகல்நேரப் பல்லிக்கும் ஆமைக்கும் எலும்பு உறுதிப்படுவதற்கான கதிர் வெளியிலிருந்து வரவேண்டும். தவளைக்கோ மூச்சில் ஒரு பகுதியும் குடிநீர் முழுவதும் தோலின் வழியாகவே வரவேண்டும். உடல் செய்யவேண்டிய வேலைகளில் ஏறத்தாழப் பாதியைச் சுற்றுப்புறம் செய்துகொடுக்கிறது என்று சொல்லலாம். அதனால் இவ்விலங்குகளுக்குக் கூடு கட்டுகிறவர், உண்மையில் அவற்றின் உடலின் மறுபாதியைக் கட்டுகிறார். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால், அக்கூடத்தில் கண்ணில் படும் விளக்கு, குழாய், தெளிப்பான், சிறிய வெப்பமானி ஆகிய எல்லாவற்றுக்கும் பொருள் விளங்கிவிடும்.

முதலில் இந்த இரண்டு கூட்டத்தாரையும் பிரித்தறிய வேண்டும். ஆமை, பல்லி, பாம்பு, முதலை ஆகியவையும், நியூசிலாந்தில் மட்டும் எஞ்சியுள்ள, பல்லிபோலத் தோன்றும் டுவாட்டாராவும் ஊர்வன. இவற்றில் இன்று 12,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. தவளை, தேரை, பல்லியைப் போன்ற உருவமும் வாலும் உள்ள சாலமாண்டர் ஆகியவையும், மண்புழுவைப் போலத் தோற்றமளிக்கும் காலற்ற சிசிலியன்களும் இருவாழ்விகள். இவை 8,000 இனங்களைத் தாண்டும். 18ஆம் நூற்றாண்டில், உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்துத்தான் வகைப்படுத்தினார். ஈரமான, வழுவழுப்பான, குளிர்ந்த பிராணிகள் என்ற பொதுவான அருவருப்பும் அந்தச் சேர்க்கைக்கு ஒரு காரணம். வேறுபாடோ மிக ஆழமானது. ஊர்வனவற்றின் தோல், நம் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தாலான செதில்களால் மூடப்பட்டு, உள்ளிருக்கும் நீரை வெளியே விடாமல் காக்கிறது; அவற்றின் முட்டைக்கு ஓடோ தோல்போன்ற உறையோ இருப்பதால் அது நிலத்திலேயே பொரிய முடிகிறது. இருவாழ்விகளின் தோல் மெல்லியது, நீரும் வாயுவும் ஊடுருவக்கூடியது. முட்டையோ கூழ்போன்ற உறைக்குள் இருக்கும், சற்று உலர்ந்தாலும் கெட்டுவிடும். சுருங்கச் சொன்னால், ஊர்வன ஈரத்தைத் தம்முள் பூட்டிவைத்துக்கொண்டவை. இருவாழ்விகளுக்கு அந்தப் பூட்டு இல்லை.

உடலுக்கு வெளியே இருக்கும் சூடு

"குளிர் இரத்தப் பிராணி" என்ற சொல் பள்ளிப் பாடத்திலிருந்தே நமக்குப் பழக்கம். அது தவறான எண்ணத்தைத் தருகிற சொல். வெயிலில் கிடக்கும் ஓணானின் இரத்தம் நம்முடைய இரத்தத்தைவிடச் சூடாகவே இருக்கக்கூடும். அது தன் சூட்டை வெளியிலிருந்து பெறுகிறது என்பதே இங்கு முக்கியம். இப்படிப் பெறுவதில் பெரிய சிக்கனம் உண்டு: உடலைச் சூடாக்க உணவை எரிக்க வேண்டியதில்லை என்பதால், அதே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவைப்படும் உணவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இதற்குப் போதும். பெரிய பாம்பு ஒன்று ஒருமுறை இரையெடுத்தால் சில வாரங்கள் சும்மா கிடப்பதும், முதலை மாதக்கணக்கில் பட்டினி தாங்குவதும் இதனால்தான். பார்வையாளர்கள் குறைப்படும் அந்த அசைவின்மை நோயோ சோம்பலோ ஆகாது. குறைந்த செலவில் நடக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கு அது.

சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. சூடு தேவைப்படும்போது விலங்கு எழுந்து சூடான இடத்துக்குப் போக வேண்டும். போதுமென்றால் நிழலுக்குத் திரும்ப வேண்டும். காட்டில் இதற்கு வெயிலும் பாறையும் புதரும் இருக்கின்றன. கூட்டில் இதைச் செய்துவைப்பதற்கு வழி, ஒரு முனையில் விளக்கை வைத்துச் சூடாக்கி, மறுமுனையைக் குளிர்ந்ததாக விட்டு, இடையில் வெப்பம் படிப்படியாகக் குறையும்படி அமைப்பதுதான். நீராமைத் தொட்டிகளில் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையும் அதன் நேர் மேலே தொங்கும் விளக்கும் இந்த ஏற்பாட்டின் ஒரு முனை. விளக்கின் கீழே 35 டிகிரி செல்சியஸ், தண்ணீரில் 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், இடைப்பட்ட எந்த அளவையும் ஆமை தானே தேர்ந்துகொள்ளும். கூடு முழுவதையும் "சரியான" ஒரே வெப்பத்தில் வைப்பது அக்கறைபோலத் தோன்றும்; ஆனால் அது விலங்கின் கையிலிருந்த தேர்வைப் பிடுங்கிக்கொள்வதாகும்.

அந்தத் தேர்வு எவ்வளவு பெரியது என்பதற்கு 1975இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. பாலை இகுவானா என்ற பல்லிக்கு நோய்க்கிருமியைச் செலுத்தியபோது, அது வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிச் சென்று தன் உடல் வெப்பத்தை உயர்த்திக்கொண்டது. அப்படி உயர விடாமல் குறைந்த வெப்பத்தில் வைக்கப்பட்ட பல்லிகளில் மிகுதியானவை இறந்தன. சூட்டில் இருந்தவற்றில் மிகுதியானவை பிழைத்தன. அதாவது நமக்கு உடலுக்குள்ளிருந்து வரும் காய்ச்சல்கூட, பல்லிக்குக் கூட்டின் மூலையில் தொங்கும் விளக்கில் இருக்கிறது. இதை அறிந்த பராமரிப்பாளர், ஒரு விலங்கு வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் விளக்கின் அடியிலேயே கிடந்தால், அதை உடனே மருத்துவரிடம் சொல்லுவார்.

வெப்பம் அடுத்த தலைமுறையையும் தொடுகிறது. பல ஆமை இனங்களிலும் எல்லா முதலைகளிலும் குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை அடைகாக்கப்படும் வெப்பமே தீர்மானிக்கிறது. சிவப்புக்காது ஆமையின் முட்டைகளை 26 டிகிரியில் வைத்தால் ஆண்களும், 31 டிகிரியில் வைத்தால் பெண்களும் பிறக்கும். கடலாமைகளில் இந்த எல்லை 29 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதற்கு மேலே போகப்போகப் பெண்கள் பெருகும். அடைகாப்புப் பெட்டியின் திருகை ஒரு சுற்றுத் திருப்புகிற பராமரிப்பாளர், ஒரு தலைமுறையின் ஆண் பெண் விகிதத்தையே திருப்பிவிடுகிறார். இத்துறையில் என்னை மிகவும் திகைக்கவைத்த செய்தி இதுவே.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

கூட்டின் விளக்குகளில் ஒன்று சூட்டுக்காக, இன்னொன்று எலும்புக்காக. சூரிய ஒளியில் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள புற ஊதா-பி கதிர்கள் தோலில் படும்போது, அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் மாற்றமடைந்து, பிறகு உடற்சூட்டின் உதவியால் வைட்டமின் டி3 ஆகிறது. அது இல்லாமல் உணவிலுள்ள கால்சியத்தைக் குடலால் சரியாக ஈர்க்க முடியாது. கால்சியம் குறைந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். தாடை இளகும், முதுகு வளையும், ஆமையின் ஓடு மெத்தென்றாகும். வளர்ப்பு ஊர்வனவுக்கு வரும் நோய்களில் மிகப் பழையதும், மிகச் சுலபமாகத் தவிர்க்கக்கூடியதும் இதுவே. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், சன்னல் வழியே வெயில் விழுகிறது என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை. முழு இரையை விழுங்கும் பாம்புகளுக்கு அந்த இரையிலிருந்தே ஓரளவு டி3 கிடைத்துவிடும். பகலில் வெயில் காயும் ஆமைக்கும் பல்லிக்கும் விளக்கு தேவை.

இந்த இடத்தில் ஜோன் ப்ராக்டரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. லண்டன் விலங்குக் காட்சிச்சாலை 1849இல் உலகின் முதல் ஊர்வன இல்லத்தையும், 1853இல் முதல் பொது மீன் காட்சியகத்தையும் திறந்தது. இரண்டும் ஒரே வளாகத்தில் பிறந்தவை. ஆனாலும் கொண்டுவரப்பட்ட விலங்குகள் நெடுநாள் வாழ்வது அரிதாகவே இருந்தது. 1920களில் அங்கே ஊர்வனவற்றின் பொறுப்பாளராக இருந்த ப்ராக்டர், முதலில் புதிய மீன் காட்சியகத்தின் தொட்டிகளுக்குப் பாறை அமைப்புகளை வடிவமைத்தார். பிறகு 1927இல் திறக்கப்பட்ட புதிய ஊர்வன இல்லத்தைத் திட்டமிட்டார். அதில் கூட்டுக்குக் கூடு வேறுபடும் மின்வெப்பமும், புற ஊதாக் கதிரை உள்ளே விடும் சிறப்புக் கண்ணாடியும் இருந்தன. வாழ்நாள் முழுவதும் நோயோடு போராடி 1931இல் இளவயதிலேயே மறைந்த அவர் செய்துவைத்ததையே, இன்று நாம் மின்னணுக் கருவிகளைக் கொண்டு இன்னும் துல்லியமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

துல்லியம் தேவைப்படுவதற்குக் காரணம், இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதே. விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். அதன் புற ஊதா-பி மட்டும் மாதங்கள் செல்லச்செல்லத் தேய்ந்துபோயிருக்கும். அதனால் காட்சியகங்களில் அளவுமானியால் அவ்வப்போது அளந்துபார்த்து, எரியும் விளக்கையே கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார்கள்.

தோலால் குடிக்கும் தவளை

தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை. அதன் அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் இரத்தக்குழாய்கள் நிறைந்த மெல்லிய தோல்பகுதி ஒன்று உண்டு; ஈரமான இடத்தில் அதை அழுத்தி உட்கார்ந்தால், நீர் உள்ளே ஊறிவிடும். மூச்சின் ஒரு பகுதியும் தோலின் வழியாகவே நடக்கிறது. சாலமாண்டர்களில் நுரையீரலே இல்லாத ஒரு பெருங்குடும்பம் இருக்கிறது. அவை முழுக்க முழுக்கத் தோலாலும் வாயின் உட்பரப்பாலும் சுவாசிக்கின்றன. இப்படி எல்லாவற்றையும் உள்ளே விடும் தோல், நஞ்சையும் உள்ளே விடும் என்பதே சிக்கல்.

நமக்குத் தீங்கில்லாத குழாய்த் தண்ணீர் தலைப்பிரட்டைக்கு ஆபத்தானது. கிருமியைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரினும் குளோரமினும் செவுளையும் தோலையும் அரிக்கும். செம்புக் குழாயிலிருந்து கரையும் சிறிதளவு செம்புகூடத் தலைப்பிரட்டைகளைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே தண்ணீர் முதலில் கரி வடிகட்டியிலோ எதிர்ச் சவ்வூடுபரவல் கருவியிலோ சுத்தமாக்கப்படுகிறது. ஆனால் முற்றிலும் சுத்தமான நீரும் ஆகாது; அதில் உப்புகளே இல்லாததால், விலங்கின் உடலிலிருக்கும் உப்புகள் வெளியே கசியத் தொடங்கும். எனவே எல்லாவற்றையும் நீக்கியபின், வேண்டிய தாதுக்களை அளந்து திரும்பச் சேர்க்கிறார்கள். மீன் காட்சியகங்கள் இருவாழ்விகளை நன்றாக வளர்ப்பதற்குக் காரணமே இதுதான்: தண்ணீரைத் தயாரிப்பது அவர்களுடைய அன்றாடத் தொழில். பராமரிப்பாளர் தவளையைத் தொட நேர்ந்தால், மாவுத்தூள் பூசாத கையுறையை நனைத்துக்கொண்டே தொடுவார். நம் உள்ளங்கையின் வியர்வையும் சோப்பு மிச்சமும் அதன் தோலுக்கு அந்நியப் பொருள்கள்.

"கிணற்றுத் தவளை" என்று நாம் இகழ்ச்சியாகச் சொல்கிறோம். தவளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் கிணறு அருமையான இடம்: நிழல் உண்டு, ஈரம் வற்றாது, பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் பெரிதாக மாறாது. தவளைக் கூடத்தைக் கட்டுகிற பொறியாளர் தேடுவதும் இதே பண்புகளைத்தான்.

ஈரம் என்பது எத்தனை குறிப்பிட்டதாக இருக்கமுடியும் என்பதற்குக் கிஹான்சி தெளிப்புத் தேரையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தான்சானியாவில், ஒரே ஒரு பள்ளத்தாக்கில், ஒரு நீர்வீழ்ச்சியின் சாரல் நனைக்கும் சிறு நிலப்பரப்பில் மட்டுமே வாழ்ந்த மிகச்சிறிய தேரை அது. முட்டையிடாமல் குட்டி ஈனும். மின்சாரத்துக்காக ஆறு அணைகட்டித் திருப்பப்பட்டபோது சாரல் நின்றுபோனது. 2000ஆம் ஆண்டில் 499 தேரைகள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பின்னர் ஓஹாயோவிலுள்ள டொலீடோவிலும் வளர்க்கப்பட்டன. அங்கே நீர்வீழ்ச்சிக்குப் பதிலாக மெல்லிய தெளிப்பான்கள் வைக்கப்பட்டன. 2009இல் அந்தத் தேரை காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. பள்ளத்தாக்கிலேயே செயற்கைத் தெளிப்புக் குழாய்கள் அமைக்கப்பட்ட பிறகு, 2012இல் வளர்க்கப்பட்ட தேரைகள் அங்கே திரும்ப விடப்பட்டன. காட்சிச்சாலைக் கூட்டில் மட்டும் இருக்கவேண்டிய கருவி, கடைசியில் காட்டிலும் தேவைப்பட்டுவிட்டது.

வெறும் ஈரம் மட்டும் போதாது, காற்றோட்டமும் வேண்டும். ஈரம் தேங்கிய காற்றில் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் நல்ல தவளைக்கூட்டின் அடியில் நீர் வடிவதற்கு ஒரு கல் அடுக்கும், அதன்மேல் இலைச்சருகும், சருகைத் தின்று சுத்தம் செய்யும் நுண்ணிய பூச்சிகளும், மேலே வலைத்திறப்பும் இருக்கும். பார்ப்பவருக்கு அது அலங்காரமாகத் தெரியும்.

நஞ்சை இழந்த தவளைகள்

பளிச்சிடும் நீலம், மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்சியகங்களில் இருக்கும் அம்புநஞ்சுத் தவளைகள் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தவை. அவற்றில் கொலம்பியாவின் பொன்னிறத் தவளையின் நஞ்சை அங்குள்ள எம்பெரா மக்கள் வேட்டை அம்புகளின் நுனியில் தடவிவந்தனர். ஆனால் காட்சியகத்தில் பிறந்து வளர்ந்த தவளைக்கு அந்த நஞ்சு இல்லை. காட்டில் அது தின்னும் எறும்புகளிலும் உண்ணிகளிலும் இருக்கும் ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்களே தோலில் சேர்ந்து நஞ்சாகின்றன. பழ ஈயைத் தின்று வளரும் தவளைக்குச் சேமிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. முன்பு சொன்ன கருத்து இங்கே வேறொரு வடிவில் திரும்ப வருகிறது: இந்தத் தவளையின் தற்காப்பு ஆயுதமும் அதன் உடலுக்கு வெளியேதான் இருக்கிறது.

இவற்றின் குடும்ப வாழ்க்கை பொறுமையுள்ளவர்களுக்கு நல்ல காட்சி. தந்தை தலைப்பிரட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, இலைக்கக்கங்களில் தேங்கிய சிறு நீர்த்தேக்கத்தைத் தேடிச் செல்லும். சில இனங்களில் தாய் அந்தத் தேக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, கருவுறாத முட்டையை இட்டுத் தன் பிள்ளைக்கு உணவாகத் தரும். கூட்டில் சாய்வாக வைக்கப்பட்டிருக்கும் சிறிய கறுப்புக் குப்பிகளைக் கண்டால், அவை இந்த வேலைக்காகவே வைக்கப்பட்டவை.

நீரை விட்டு வராதவை

ஆக்சலாட்டில் என்ற மெக்சிக்கோச் சாலமாண்டர் தலைப்பிரட்டைப் பருவத்தின் செவுள்களோடு கடைசிவரை நீரிலேயே வாழ்ந்து, அந்நிலையிலேயே இனப்பெருக்கமும் செய்கிறது. 1864இல் பாரிசுக்கு வந்துசேர்ந்த ஆக்சலாட்டில்களின் சந்ததிகளில் சில, மறு ஆண்டு எதிர்பாராமல் செவுளை இழந்து தரைவாழ் சாலமாண்டர்களாக மாறின. முழு வளர்ச்சியடைந்த விலங்கு என்று தாம் நினைத்தது உருமாறாமல் நின்றுபோன இளமைப் பருவம் என்று ஆய்வாளர்களுக்கு அப்போதுதான் புரிந்தது. இன்று ஆய்வுக்கூடங்களிலும் காட்சியகங்களிலும் இது ஏராளமாக இருக்கிறது. சொந்த இடமான, மெக்சிக்கோ நகரின் சோச்சிமில்கோ நீர்நிலைகளிலோ அழிவின் விளிம்பில் நிற்கிறது. இதற்கு 16 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ந்த நீர் வேண்டும். வெப்பமண்டல மீன்தொட்டி இதற்கு நரகம்.

ஜப்பானின் பெருஞ்சாலமாண்டர் ஒன்றரை மீட்டர் நீளம்வரை வளரும். அதன் பக்கவாட்டில் தொங்கும் தோல்மடிப்புகள் சுவாசப் பரப்பைக் கூட்டுகின்றன. ஆகவே அதற்கு உயிர்வளி நிறைந்த, ஓடும் குளிர்நீர் வேண்டும். கியோட்டோ காட்சியகத்தில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் பாறை ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பதைக் காணலாம்.

ஊர்வனவில் எனக்கு மிகவும் பிடித்தது மீசைப்பாம்பு. தென்கிழக்கு ஆசியாவின் இந்த நீர்ப்பாம்புக்கு மூக்கின் நுனியில் இரண்டு உணர்கொம்புகள் இருக்கின்றன. நீரின் மெல்லிய அசைவையும் அவை உணரும். கொக்கிபோல் வளைந்து அசையாமல் காத்திருக்கும் பாம்பு, மீன் அருகில் வந்ததும் தன் உடலின் நடுப்பகுதியை லேசாக அசைக்கும். மீன் அந்த அசைவுக்கு அஞ்சி எதிர்ப்புறம் துள்ளும். எதிர்ப்புறத்தில் பாம்பின் வாய் இருக்கும். மீன் தப்பியோடும் திசையை முன்கூட்டியே கணித்து அது தாக்குகிறது என்பதைக் அமெரிக்க உயிரியலாளர் கென்னத் கட்டானியா அதிவேகக் கேமராவால் படம்பிடித்து 2009இல் விளக்கினார். இப்படிப்பட்ட மீனுண்ணிப் பாம்புகளுக்கு ஓர் உணவுச் சிக்கலும் உண்டு: உறையவைத்த மீன்கள் சிலவற்றில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி இருப்பதால், அந்த வைட்டமினை இரையோடு தனியாகச் சேர்த்துத் தருகிறார்கள்.

கடலாமைகள்

உலகில் கடலாமைகள் ஏழு இனங்கள். பேராமையும் பெருந்தலை ஆமையும் அழுங்காமையும் பெரிய தொட்டிகளில் நன்றாகவே வாழ்கின்றன. கடல்நீரைவிட அவற்றின் இரத்தத்தில் உப்பு குறைவு. மிகுதி உப்பைக் கண்ணருகே இருக்கும் சுரப்பிகள் கெட்டியான கண்ணீராக வெளியேற்றுகின்றன. ஆமை அழுகிறது என்று குழந்தைகள் சொன்னால், அதன் காரணத்தை அங்கேயே விளக்கிவிடலாம். தோணியாமையை மட்டும் காட்சியகங்களில் காண முடியாது. எல்லையற்ற கடலில் ஓயாமல் நீந்தப் பிறந்த அது, தொட்டியின் சுவர் என்பதையே புரிந்துகொள்ளாமல் மோதி மோதிப் புண்படும். உணவும் பெரும்பாலும் சொறிமீன்களே. வளர்க்க முடியாததை வளர்க்காமல் விடுவதும் இத்துறையின் அறிவில் அடங்கும்.

தொட்டியில் ஓர் ஆமை பின்புறம் மேலே தூக்கியபடி நீந்தினாலோ, அதன் ஓட்டில் சிறு எடைகள் ஒட்டப்பட்டிருந்தாலோ, அது பெரும்பாலும் படகில் அடிபட்டு மீட்கப்பட்டதாக இருக்கும். முதுகெலும்போ நுரையீரலோ சேதமடைந்தால் காற்று உள்ளே தேங்கிச் சமநிலை குலையும். அத்தகைய ஆமை கடலில் இரைதேடி மூழ்க முடியாது என்பதால் காட்சியகத்திலேயே தங்கிவிடுகிறது.

மீட்புப் பணியில் வெப்பத்தின் பங்கு மறுபடியும் வெளிப்படுகிறது. அமெரிக்காவின் கேப் காட் விரிகுடாவில் இலையுதிர்காலத்தின் இறுதியில் நீர் 10 டிகிரிக்குக் கீழே குளிரும்போது, தெற்கே திரும்பத் தவறிய கெம்ப் ரிட்லி என்ற கடலாமைகள் விறைத்துக் கரையொதுங்குகின்றன. பாஸ்டனிலுள்ள நியூ இங்கிலாந்து காட்சியகம் இவற்றுக்கெனத் தனி மருத்துவமனை நடத்துகிறது. விறைத்த ஆமையை உடனே வெந்நீரில் போட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் இதயமும் இரத்தமும் தயாராவதற்கு முன்பே உடல் விழித்துக்கொண்டு, ஆமை இறந்துவிடக்கூடும். ஆகவே நாளொன்றுக்குச் சில டிகிரி என்று, பல நாட்கள் எடுத்துக்கொண்டு சூடேற்றுகிறார்கள்.

பூஞ்சையும் பூட்டிய அறைகளும்

பார்வையாளர் கண்ணில் படாத பின்னறைகளில், ஒவ்வோர் அறைக்கும் தனிக் காலணி, தனி வாளி, தனி வலை என்று இருப்பதற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிச்சாலையில் அம்புநஞ்சுத் தவளைகள் இறந்தபோது, அவற்றின் தோலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பூஞ்சை 1999இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. சைட்ரிட் என்று அழைக்கப்படும் அது தவளையின் தோலிலுள்ள கெரட்டினில் வாழ்கிறது. தோலின் வழியே உப்புகளைக் கட்டுப்படுத்தும் திறன் குலைந்து, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. உலகெங்கும் குறைந்தது 501 இருவாழ்வி இனங்களின் வீழ்ச்சியில் இதற்குப் பங்கு உண்டென்றும், அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பனாமாவின் பொன்னிறத் தவளை இன்று காட்சிச்சாலைகளிலும் காட்சியகங்களிலும் மட்டுமே உறுதியாக வாழ்கிறது. புதிதாக வரும் தவளை பல வாரங்கள் தனிமையில் வைக்கப்பட்டு, தோலில் பஞ்சால் ஒற்றிச் சோதிக்கப்பட்ட பிறகே மற்றவற்றுடன் சேர்க்கப்படுவது இதனால்தான்.

நமக்குத் தொற்றக்கூடியது சால்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி. நலமாக இருக்கும் ஆமையும் பல்லியும்கூட அதைச் சுமந்திருக்கும். தொட்டுப்பார்க்க அனுமதிக்கும் இடங்களில் கைகழுவும் தொட்டி கதவருகே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். அமெரிக்காவில் 1975 முதல், பத்து சென்டிமீட்டருக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை வளர்ப்புக்காக விற்பது தடைசெய்யப்பட்டிருப்பதும் குழந்தைகள் அவற்றை வாயில் வைத்ததால் வந்த நோய்களினால்தான்.

எத்தனை காலம்

இவ்விலங்குகளை வாங்கும் முடிவில் மிகக் கடினமான கேள்வி ஆயுள். மெல்ல எரியும் உடல் நெடுநாள் எரியும். 1830 வாக்கில் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட பெருஞ்சாலமாண்டர் ஒன்று, ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையில் 1881 வரை உயிரோடிருந்தது. நியூ இங்கிலாந்து காட்சியகத்துக்கு 1970இல் வந்த மிர்ட்டில் என்ற பேராமை, 200 கிலோவுக்கும் மேலான எடையோடு, தனக்கு முதன்முதலில் உணவூட்டியவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்ற பின்பும் அங்கேயே கீரையும் கோசும் தின்றுகொண்டு அரைநூற்றாண்டைக் கடந்தது. சிவப்புக்காது ஆமைக்கும் முப்பது ஆண்டுகள் சாதாரணம். நாணயத்தைவிடச் சற்றே பெரியதாக வாங்கப்படும் அது, சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டளவு ஆகிவிடுகிறது. அப்போது அதை எங்கள் தொட்டியில் விட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டு வருகிறவர்களைக் காட்சியகங்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்புகின்றன. இடமும் தனிமை அறையும் அவற்றுக்கு எப்போதும் பற்றாக்குறை. திருப்பி அனுப்பப்பட்டவர் வழியில் உள்ள குளத்தில் அதை விட்டுவிட்டுப் போகிறார். இப்படித்தான் வட அமெரிக்க ஆமை ஒன்று பல கண்டங்களின் குளக்கரைகளில், அந்தந்த ஊர் ஆமைகள் வெயில் காயவேண்டிய கட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.